இங்கிலாந்தில் 2021 ஜூலை 19: கட்டுப்பாடுகள் நீங்கிய நாளும் நோயாளிகளின் பாதுகாப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனா காலக் கட்டுப்பாடுகளை பிரிட்டன் அரசு இங்கிலாந்தில் நீக்கிய 2021 ஜூலை மாதத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே மாதிரியான கேள்விகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றன. என் சித்தி சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அவருடைய மகன் லண்டனில் பேருந்து ஓட்டுகிறார். மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின் கீழ் வாழும் வீடு அது. அந்த வீட்டுக்கு அடிக்கடி போய்வந்தவன் என்ற முறையிலும், அந்த ஆண்டுகளில் வந்த அரசு அறிவிப்புகளை அவர்களுக்குத் தமிழில் படித்துச் சொன்னவன் என்ற முறையிலும் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

ஜூலை 19 அன்று சட்டத்தில் எது மாறியது?

2021 பிப்ரவரி 22 அன்று பிரதமர் போரிஸ் ஜான்சன் நான்கு படிகள் கொண்ட தளர்வுத் திட்டத்தை அறிவித்தார். மார்ச் 8 அன்று பள்ளிகள், ஏப்ரல் 12 அன்று கடைகளும் முடிதிருத்தகங்களும், மே 17 அன்று உணவகங்களின் உட்பகுதி என்று ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. நான்காவது படி ஜூன் 21 அன்று வந்திருக்க வேண்டும். டெல்டா வகைக் கிருமி வேகமாகப் பரவியதால் அது நான்கு வாரம் தள்ளிப்போனது.

ஜூலை 19 பிறந்ததும் எத்தனை பேர் கூடலாம் என்ற வரம்பு, இடைவெளி விதி, கடைகளிலும் பொதுப் போக்குவரத்திலும் முகக்கவசம் அணிய வேண்டும் என்ற சட்டக் கட்டாயம், முடிந்தவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்ய வேண்டும் என்ற அறிவுறுத்தல் ஆகிய அனைத்தும் ஒரே நாளில் நீங்கின. இரவு விடுதிகள் நள்ளிரவிலேயே கதவைத் திறந்தன. நோய் தொற்றியவரும் அவரோடு நெருங்கிப் பழகியவரும் தனிமையில் இருக்க வேண்டும் என்ற சட்டம் நீடித்தது. பத்திரிகைகள் இந்த நாளுக்குச் 'சுதந்திர நாள்' என்று பெயர் வைத்தன. அன்று நாட்டில் நாளொன்றுக்குச் சுமார் 50 ஆயிரம் பேருக்குத் தொற்று உறுதியாகிக்கொண்டிருந்தது. சுகாதார அமைச்சர் சஜித் ஜாவிதுக்கு இரண்டு நாள் முன்பு தொற்று உறுதியானதால் பிரதமரும் நிதியமைச்சர் ரிஷி சுனக்கும் அன்று தனிமையில் இருந்தார்கள்.

இது பிரிட்டன் முழுவதற்குமான முடிவா?

இல்லை, இது இங்கிலாந்துக்கு மட்டுமான முடிவு. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்குள் பெரும்பாலான கட்டுப்பாடுகளை நீக்கின. ஆனாலும் கடைகளிலும் பேருந்துகளிலும் முகக்கவசத்தை இரண்டும் சட்டமாகவே வைத்திருந்தன. இங்கிலாந்துக்குள்ளும் லண்டன் மாநகரப் போக்குவரத்து நிர்வாகம், மேயர் சாதிக் கானின் வேண்டுகோளின்படி, முகக்கவசத்தைப் பயண நிபந்தனையாகத் தொடர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் நீக்குவதைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். பக்கத்திலேயே வேறு வழிகள் நடைமுறையில் இருந்தன என்பதை இந்த எடுத்துக்காட்டுகள் காட்டுகின்றன.

'ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவர்கள்' என்று யாரைக் குறிப்பிட்டார்கள்?

2020 மார்ச் இறுதியில் தேசியச் சுகாதாரச் சேவை ஒரு பட்டியல் தயாரித்தது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள், இரத்தப் புற்றுநோயாளிகள், கடுமையான நுரையீரல் நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து உட்கொள்பவர்கள் அதில் இடம்பெற்றார்கள். 2020 மே மாதத்துக்குள் இங்கிலாந்தில் சுமார் 22 லட்சம் பேர் அதில் இருந்தார்கள். வயது, இனம், உடல் எடை, வசிக்கும் பகுதியின் வறுமை ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் முறை 2021 பிப்ரவரியில் வந்தபோது மேலும் 17 லட்சம் பேர் சேர்க்கப்பட்டார்கள். இவர்களை வீட்டோடு இருக்கச் சொன்ன ஏற்பாட்டுக்கு 'ஷீல்டிங்' என்று பெயர்.

சித்திக்கு வந்த கடிதத்தை நான்தான் படித்துச் சொன்னேன். 12 வாரம் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. முடிந்தால் தனிப் படுக்கையில் தூங்க வேண்டும். தனித் துவாலை வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் சமையலறையில் இருக்கும்போது அங்கே போகக் கூடாது. குளியலறை ஒன்றே என்றால் முறை வைத்துக்கொண்டு அவர் முதலில் குளிக்க வேண்டும். அந்த வீட்டில் ஏழு பேர், குளியலறை ஒன்று. காலை நான்கரைக்குப் பணிக்குக் கிளம்பும் மகனுக்கு முன்னால் எழுந்து குளிக்கப் பழகிக்கொண்டார் சித்தி. அரசு அனுப்பிய உணவுப் பெட்டி வாசலில் வந்து இறங்கும். டப்பாவில் அடைத்த சூப், பாஸ்தா, ரொட்டி, தேயிலைப் பைகள். சிறுநீரக நோயாளி எந்த டப்பாவில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பட்டியலில் இருந்தவர்கள் மட்டுமே ஆபத்தில் இருந்தார்கள் என்பதும் சரியல்ல. 2020 ஜனவரி முதல் நவம்பர் வரை இங்கிலாந்தில் கொரோனாவால் இறந்தவர்களில் பத்தில் ஏறக்குறைய ஆறு பேர் மாற்றுத்திறனாளிகள் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகம் கணக்கிட்டது. அந்த ஆய்வில் கணக்கில் கொள்ளப்பட்ட மக்களில் அவர்களுடைய பங்கு 17 விழுக்காடுதான்.

தளர்த்த வேண்டும் என்று வாதிட்டவர்கள் மனிதாபிமானம் இல்லாதவர்களா?

அப்படிச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. அந்த வாதத்தில் வலுவான பகுதிகள் இருந்தன. தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டியும் மற்ற ஆலோசகர்களும் முன்வைத்த கருத்து இது: எப்போது திறந்தாலும் ஓர் அலை வரத்தான் போகிறது. பள்ளிகள் மூடியிருக்கும், ஜன்னல்கள் திறந்திருக்கும் கோடைக்காலத்தில் அது வந்துபோவது, ஃப்ளூ காய்ச்சலும் சேர்ந்துகொள்ளும் குளிர்காலத்தில் வருவதைவிட மேல். இப்போது இல்லையென்றால் வேறெப்போது என்ற பொருளில் பிரதமரும் கேட்டார். வயது வந்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர் அதற்குள் இரண்டு தவணைத் தடுப்பூசியும் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டு அலைகளில் தொற்றுக்கும் மரணத்துக்கும் இடையே இருந்த பிணைப்பு தடுப்பூசியால் வெகுவாகத் தளர்ந்திருந்தது.

மூடிவைப்பதற்கும் விலை இருந்தது. மருத்துவமனைச் சிகிச்சைக்காகக் காத்திருப்போர் எண்ணிக்கை 2021 மே மாத இறுதியில் இங்கிலாந்தில் 53 லட்சத்தை எட்டியது. பள்ளி இழந்த பிள்ளைகள், கடை இழந்த குடும்பங்கள், அடிக்கும் கணவனோடு ஒரே வீட்டுக்குள் அடைபட்ட பெண்கள் என்று அந்த விலையைக் கொடுத்தவர்களிலும் பெரும்பாலோர் எளியவர்களே. பொதுமுடக்கம் என்றென்றும் நீடிக்கலாம் என்று நான் அறிந்த நோயாளி எவரும் கேட்கவில்லை. ஏனென்றால் அதன் கொடுமையை மற்றவர்களைவிட நெடுநாள் அனுபவித்தவர்கள் அவர்களே.

எதிர்த்த விஞ்ஞானிகள் என்ன சொன்னார்கள்? அது நடந்ததா?

ஜூலை 7 அன்று 'லான்செட்' மருத்துவ இதழில் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் கையெழுத்திட்ட கடிதம் வெளியானது. பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் தடுப்பூசி போடுவதற்கு முன்பே கதவுகளைத் திறப்பது ஆபத்தான, அறத்துக்கு மாறான பரிசோதனை என்று அவர்கள் கண்டித்தார்கள். நீண்டகாலக் கொரோனா பாதிப்பு, பள்ளிகள் வழியான பரவல், புதிய வகைக் கிருமிகள் உருவாகும் வாய்ப்பு, நோயாளிகள் மீது விழும் சுமை ஆகியவற்றை அவர்கள் எடுத்துரைத்தார்கள். அப்போது 12 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தடுப்பூசி பொதுவாக வழங்கப்படவில்லை. செப்டம்பரில்தான் அந்த முடிவு வந்தது.

நேர்மையாகச் சொன்னால் இரு தரப்பின் கணிப்புகளும் ஓரளவுக்குத் தவறின. தொற்று நாளொன்றுக்கு ஒரு லட்சத்தை எட்டலாம் என்று அமைச்சர் ஜாவிதே சொல்லியிருந்தார். கணிப்பியல் வல்லுநர் நீல் ஃபெர்குசனும் அதையே ஏறக்குறைய உறுதியாக எதிர்பார்த்தார். ஆனால் ஜூலை பிற்பகுதியில் எண்ணிக்கை இறங்கியது. திறப்பை ஆதரித்தவர்கள் இதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடினார்கள். ஆனால் அலை வந்து ஓய்ந்துபோகவும் இல்லை. இலையுதிர்காலம் முழுவதும் தொற்று உயர்ந்த மட்டத்திலேயே நின்றது. நாள்தோறும் நூறு பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். பேரழிவு நிகழவில்லை என்பதால் அந்த இறப்புகள் செய்தியின் முதல் பக்கத்திலிருந்து இறங்கிவிட்டன.

தடுப்பூசி போட்டுக்கொண்ட பின் எதற்காகப் பயப்பட வேண்டும்?

இந்தக் கேள்வியைச் சித்தியிடமே கேட்டவர்கள் உண்டு. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருப்பதற்காக அவர் தினமும் உட்கொள்ளும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்குகின்றன. அதே மாத்திரைகளால் தடுப்பூசிக்கும் உடல் சரியாகப் பதில் கொடுப்பதில்லை. பிரிட்டனில் நடந்த 'ஆக்டேவ்' ஆய்வின் முதல் முடிவுகள் 2021 ஆகஸ்டில் வெளியாயின. எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிகளில் சுமார் 40 விழுக்காட்டினருக்கு இரண்டு தவணைக்குப் பிறகும் எதிர்ப்பணுக்கள் (ஆன்டிபாடிகள்) மிகக் குறைவாகவே உருவாயின அல்லது உருவாகவே இல்லை. எதிர்ப்பணு என்பது பாதுகாப்பின் ஒரு பகுதிதான் என்றாலும், மற்றவர்களுக்குக் கிடைத்த அரண் இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது தெளிவாகிவிட்டது.

இவர்களுக்கு மூன்றாவது தவணை தேவை என்று தடுப்பூசி ஆலோசனைக் குழு செப்டம்பர் 1 அன்றுதான் பரிந்துரைத்தது. நாடு திறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. வரிசையை மாற்றியிருக்கலாமே, முதலில் தவணையைக் கொடுத்துவிட்டுப் பிறகு திறந்திருக்கலாமே என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

நோயாளிகளும் முதியவர்களும் மட்டும் வீட்டில் இருந்துவிட்டு மற்றவர்கள் இயல்பாக வாழ்ந்தால் என்ன?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்கு ஒரு முறையான வடிவமும் உண்டு. 2020 அக்டோபரில் ஜெய் பட்டாச்சார்யா, சுனேத்ரா குப்தா, மார்ட்டின் குல்டார்ஃப் ஆகிய மூன்று அறிஞர்கள் அமெரிக்காவின் கிரேட் பாரிங்டன் நகரிலிருந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஆபத்து குறைந்தவர்கள் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பட்டும், ஆபத்து மிகுந்தவர்களை மட்டும் குவிந்த கவனத்தோடு பாதுகாப்போம் என்பது அதன் சாரம். அதை மறுத்து, பத்து நாள்களுக்குள் வேறு பல விஞ்ஞானிகள் ஜான் ஸ்னோவின் பெயரால் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டு லண்டனில் காலரா குடிநீர் வழியே பரவியதைக் கண்டறிந்த மருத்துவர் அவர்.

காகிதத்தில் முதல் அறிக்கை கருணையுள்ளதாகவே தெரிகிறது. வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்து பார்த்தால்தான் அதன் ஓட்டை புலப்படும். சித்தியை அறைக்குள் வைத்துப் பூட்டலாம். அந்த வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவரும் மகன் தினமும் பல நூறு பயணிகளின் மூச்சுக்காற்றுக்கு நடுவே பேருந்து ஓட்டுகிறான். 2020 வசந்தத்தில் லண்டன் பேருந்து ஓட்டுநர்கள் பலர் இறந்துபோனார்கள். அதன் பிறகே ஓட்டுநர் அறைத் தடுப்பில் பேசுவதற்காக இருந்த துளைகள் ஒட்டி மூடப்பட்டன. பயணிகள் நடுக்கதவு வழியே ஏறவும் வைக்கப்பட்டார்கள். தம்பி அந்தத் துளைகளின் மேல் தானே ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டியதாகச் சொன்னான். வீட்டுக்கு வந்ததும் சீருடையை வாசலிலேயே கழற்றிப் பையில் போட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து தாயோடு தொலைபேசியில் பேசுவான். இருவருக்கும் நடுவே இருந்தது ஒரு கதவு. மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் 'இயல்பு வாழ்க்கைக்கு' திரும்பினால் சித்திக்கு எந்தக் கதவு மிச்சமிருக்கும்?

முதியோர் பராமரிப்பு இல்லங்களின் கதையும் இதையே காட்டுகிறது. 2020 மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை சுமார் 25 ஆயிரம் நோயாளிகள் மருத்துவமனைகளிலிருந்து பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தொற்று இருக்கிறதா என்று எல்லோருக்கும் பரிசோதிக்கப்படவில்லை. அறிகுறி இல்லாதவர்களும் நோயைப் பரப்பக்கூடும் என்பதைக் கருதாமல் வகுத்த அந்தக் கொள்கை சட்டவிரோதமானது என்று உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. முதியவர்களைச் சுற்றிப் 'பாதுகாப்பு வளையம்' போட்டதாக அப்போதைய சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக் சொன்ன காலம் அது. ஊருக்குள் தொற்று பரவும்போது இல்லத்தில் பணிபுரியும் பெண் அதே ஊரிலிருந்துதான் வேலைக்கு வருகிறாள். அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவளும் பேருந்தில்தான் வருகிறாள்.

'தனிமனிதப் பொறுப்பு' போதாதா? முகக்கவசம் வேண்டியவர்கள் அணிந்துகொள்ளலாமே?

சட்டத்தை நீக்கிய அரசு, ஒவ்வொருவரும் தம் அறிவுக்கு ஏற்ப முடிவெடுக்க வேண்டும் என்றது. கொலஸ்டிரால், சர்க்கரை போன்றவற்றில் இந்த அணுகுமுறை பொருந்தும். நான் தின்னும் இனிப்பு என் உடம்பைத்தான் கெடுக்கும். காற்றில் பரவும் நோயில் முடிவெடுப்பவர் ஒருவர், விளைவை அனுபவிப்பவர் இன்னொருவர். சாதாரணத் துணி முகக்கவசம் அணிந்தவரைக் காப்பதைவிட அருகில் இருப்பவரையே அதிகம் காக்கிறது. எஃப்எஃப்பி2 போன்ற இறுக்கமான வகைகள் அணிந்தவருக்கும் நல்ல பாதுகாப்புத் தருகின்றன. ஆனால் அவற்றை நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் ஏற்பாடு அன்று இருக்கவில்லை.

ஆபத்து மிகுந்தவர்களுக்கு அந்த ஜூலையில் வந்த அரசின் வழிகாட்டுதல், கூட்டம் குறைந்த நேரத்தில் கடைக்குச் செல்வதைப் பற்றி யோசிக்கலாம் என்று யோசனை சொன்னது. அதாவது, ஊர் மாற வேண்டியதில்லை, நீங்கள் மாறிக்கொள்ளுங்கள். அதே மாதம் 24ஆம் தேதி, நோயிலிருந்து குணமான அமைச்சர் ஜாவித், இக்கிருமிக்குப் பயந்து பதுங்காமல் அதனோடு வாழக் கற்றுக்கொள்கிறோம் என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். உறவுகளை இழந்தவர்களும் நோயாளிகளும் கொதித்தார்கள். மறுநாளே பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் சொல் அவர் ஒருவருடையது மட்டுமல்ல. மாதக்கணக்கில் மருத்துவர் சொன்னபடி வீட்டில் இருந்தவர்களைக் கோழைகளாகப் பார்க்கும் மனநிலை அப்போது தெருவிலும் இருந்தது. முகக்கவசத்தோடு மருந்துக்கடைக்குப் போன சித்தியிடம், "இன்னுமா?" என்று கேட்டுச் சிரித்த ஒருவரை நான் பார்த்தேன்.

முகக்கவசம் அணிய முடியாதவர்களின் நிலை என்ன?

உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் செவித்திறன் குறைந்தவர்கள், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள், ஆட்டிசம் உள்ள சிலர் ஆகியோருக்கு முகக்கவசம் உண்மையான தடையாக இருந்தது. சட்டத்தில் அவர்களுக்கு விலக்கு இருந்தது. ஆனாலும் பலர் கடைகளில் அவமதிக்கப்பட்டார்கள். பாதுகாப்புத் தேவைப்படுவோர் எல்லோருக்கும் ஒரே தேவை இருப்பதில்லை என்பதை நினைவில் வைத்தே இதைப் பேச வேண்டும்.

வேலையும் வருமானமும் எப்படிப் பாதிக்கப்பட்டன?

இந்த விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்பட்டதும் என் பார்வையில் மிக முக்கியமானதும் இதுவே. வீட்டோடு இருக்கச் சொன்ன அறிவுரை 2021 ஏப்ரல் 1 அன்று முடிவுக்கு வந்தது. அதோடு, அந்தக் காரணத்தைக் காட்டி நோய்க்கால ஊதியம் பெறும் உரிமையும் முடிந்தது. ஊழியரைச் சம்பள உதவித் திட்டத்தில் தொடர்ந்து வைத்திருப்பது முதலாளியின் விருப்பம். அத்திட்டமும் செப்டம்பர் 30 அன்று நின்றது. சித்தி ஒரு துணிக்கடையில் பணிபுரிந்தார். ஏப்ரலில் கடை திறந்ததும் அழைப்பு வந்தது. கிடங்கில் தனியாகச் செய்யும் வேலை கேட்டார், இல்லை என்றார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான வசதி செய்துகொடுக்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் சொல்கிறது. அதைச் சொல்லி எழுதிய கடிதத்துக்குப் பதில் வர மூன்று வாரம் ஆனது. பதில் வரும்போது அவர் கடை முகப்பில் நின்றுகொண்டிருந்தார்.

தொற்றியவர் வீட்டில் இருந்தால்தான் மற்றவர்கள் பிழைப்பார்கள். ஆனால் அன்றைய சட்டப்படியான நோய்க்கால ஊதியம் வாரத்துக்கு 96.35 பவுண்டு. லண்டனில் ஓர் அறையின் வாடகைக்கே அது போதாது. இருமலோடு வேலைக்கு வருபவரைத் திட்டுவது எளிது. அவர் வராமல் இருப்பதற்கான காசை யார் கொடுத்தார்கள்?

அப்படியானால் பொதுமுடக்கம் நீடித்திருக்க வேண்டும் என்கிறீர்களா?

இல்லை. இரவு விடுதி திறந்ததிலோ திருமணத்துக்கு முந்நூறு பேர் கூடியதிலோ எனக்கு வருத்தமில்லை. விரும்பாதவர் அங்கே போகாமல் இருக்கலாம். பேருந்து, மருந்துக்கடை, மளிகைக்கடை, மருத்துவரின் காத்திருப்பு அறை ஆகியவற்றைத் தவிர்க்க முடியாது. அந்த நான்கு இடங்களில் மட்டும் முகக்கவசத்தைச் சட்டமாக வைத்திருந்தால் எந்தத் தொழிலும் மூடியிருக்காது. பள்ளிகளுக்கு மூன்று லட்சம் கரியமில வாயு அளவிகள் தருவதாக அரசு ஆகஸ்டில் அறிவித்தது நல்ல தொடக்கம். அடைபட்ட காற்று எங்கே இருக்கிறது என்பதை அவை காட்டும். வேலையிடங்களுக்கும் அதே அக்கறை நீண்டிருக்கலாம். நோய்க்கால ஊதியத்தை உயர்த்தியிருக்கலாம். இவற்றில் எதுவும் யாரையும் வீட்டில் பூட்டுவதில்லை.

அதன் பிறகு என்ன ஆனது?

2021 நவம்பர் 30 அன்று ஒமைக்ரான் காரணமாகக் கடைகளிலும் போக்குவரத்திலும் முகக்கவசம் மீண்டும் சட்டமானது. 2022 ஜனவரி 27 அன்று மறுபடி நீங்கியது. பிப்ரவரி 24 அன்று, தொற்றியவர் தனிமையில் இருக்க வேண்டும் என்ற சட்டமும் போனது. ஏப்ரல் 1 முதல் பெரும்பாலானோருக்கு இலவசப் பரிசோதனை நின்றது.

நோயாளிகளுக்கு நல்லதும் சில நடந்தன. 2021 டிசம்பர் முதல், ஆபத்து மிகுந்தவர்களுக்குத் தொற்று உறுதியானால் கிருமிக்கு எதிரான மருந்துகள் மருத்துவமனையில் சேராமலேயே கிடைத்தன. சித்திக்கும் அந்தக் கடிதம் வந்தது. கூடுதல் தடுப்பூசித் தவணைகளும் தொடர்ந்தன. ஆனால் தடுப்பூசிக்குப் பதில் கொடுக்காத உடலுக்கு முன்கூட்டியே எதிர்ப்பணுக்களை ஊசியாக ஏற்றும் 'எவுஷெல்ட்' என்ற மருந்துக்கு 2022 மார்ச்சில் பிரிட்டனில் ஒப்புதல் கிடைத்தும், அரசு அதை வாங்குவதில்லை என்று ஆகஸ்டில் முடிவு செய்தது. புதிய வகைக் கிருமிகளுக்கு எதிராக அது எவ்வளவு காலம் காக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பது அரசு சொன்ன காரணம். அதை எதிர்பார்த்து வீட்டிலேயே இருந்தவர்களில் சித்தியும் ஒருவர். இப்போதும் அவர் பேருந்தில் ஏறினால் ஜன்னலோரமாக உட்கார்ந்து, முதலில் ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் கைப்பையை மடியில் வைக்கிறார்.